சேலத்து வானில் போகும் விமானத்தைச் செயலி ஏன் வேறிடத்தில் காட்டுகிறது?

அஸ்தம்பட்டி மாடி | சனி, இரவு 9.52

அனைவருக்கும் வணக்கம். மூன்று மாதங்களாக, இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் நானும் மொட்டை மாடிக்குப் போய், தலைக்கு மேலே போகும் விமானங்களைக் கைப்பேசிச் செயலியில் தேடிப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறோம். எங்கிருந்து எங்கே போகிறது, என்ன வகை விமானம், எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் அது சொல்லிவிடுவதால், அவளுக்கு நாட்டின் நிலப்படம் பாடப்புத்தகத்தைத் திறக்காமலே பழகிவிட்டது. ஆனால் நான்கு விஷயங்களில் செயலி சொல்வதும் எங்கள் கண்ணும் காதும் சொல்வதும் ஒத்துப்போகவில்லை.

முதலாவது, விமானத்தின் ஓசை உச்சந்தலைக்கு நேர் மேலே கேட்கிறது. செயலியோ அது சூரமங்கலத்தையும் தாண்டி மேற்கே போய்விட்டதாகக் காட்டுகிறது. இரண்டாவது, கேமராவை வானத்தை நோக்கித் தூக்கினால் விமானத்தின் பெயர் திரையில் மிதக்கும் வசதி ஒன்று இருக்கிறது. அதில் பெயர் ஒரு பக்கமும் விமானத்தின் விளக்கு வேறு பக்கமுமாக நிற்கின்றன. மூன்றாவது, சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்தில் இறங்க வரும் விமானம் ஓமலூரை நெருங்கும்போது வரைபடத்திலிருந்து மறைந்துவிடுகிறது. ஒருமுறை அது மறையாமல், நிலையத்தைக் கடந்து மேட்டூர்ப் பக்கம் பறந்துகொண்டிருப்பதாகக் காட்டியது. அதே விமானத்தில் வந்த என் மைத்துனர் அந்நேரம் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து என்னுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். நான்காவது, சில நாள்களில் ஜன்னல் கண்ணாடி அதிரும்படி ஏதோ ஒன்று பறந்து போகிறது. செயலியில் ஒரு புள்ளிகூட இருப்பதில்லை.

செயலியில் கோளாறா, கைப்பேசியில் கோளாறா, நான் பயன்படுத்தும் விதம் தவறா என்று தெரியவில்லை. சந்தா கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அலுவலக நண்பர் ஒருவர் சொல்கிறார். பணம் கட்டுவதற்கு முன் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

மூக்கனேரிக் கரை | சனி, இரவு 10.20

சந்தா கட்ட வேண்டாம். கட்டினால் விளம்பரம் போகும், பழைய பயணங்களின் பதிவு கூடுதலாகக் கிடைக்கும், விமானத்தின் வயது போன்ற சில்லறை விவரங்கள் வரும்; அவ்வளவுதான். மற்றபடி இந்தச் செயலிகள், சென்னையிலுள்ள வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்தின் ரேடாரில் தெரிவதைத்தான் கொஞ்சம் தாமதப்படுத்திப் பொதுமக்களுக்குக் கொடுக்கின்றன என்று நினைக்கிறேன். உங்கள் முதல் சந்தேகத்துக்கு அந்தத் தாமதமே காரணமாக இருக்கலாம்.

பழைய வானொலி | ஞாயிறு, காலை 6.35

மூக்கனேரி நண்பர் சந்தாவைப் பற்றிச் சொன்னது சரி. ரேடாரைப் பற்றிச் சொன்னது சரியல்ல. பெயரிலேயே ரேடார் என்று வைத்துக்கொண்ட செயலிகள் இருப்பதால் இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருகிறது. அவர் சொல்லும் தாமதத்தையும் யோசித்துப் பாருங்கள்: தாமதம் இருந்தால் செயலி விமானத்தைப் பின்னால் காட்டவேண்டும், இவருக்கோ அது முன்னால் காட்டுகிறது.

ரேடார் என்பது தரையிலிருந்து அலையை அனுப்பி, அது விமானத்தில் பட்டுத் திரும்புவதையோ, விமானத்திலுள்ள கருவி தரும் பதிலையோ வைத்து இடத்தைக் கணிப்பது. செயலி நம்பியிருப்பது அதை அல்ல. இன்றைய பயணிகள் விமானங்களில் ஏறக்குறைய எல்லாமே, செயற்கைக்கோள் துணையோடு தம் இடத்தைத் தாமே கணக்கிட்டு, ‘நான் இன்ன எண்ணுள்ள விமானம், இன்ன இடத்தில், இன்ன உயரத்தில், இன்ன வேகத்தில் இருக்கிறேன்’ என்று 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓயாமல் தண்டோரா போட்டுக்கொண்டே போகின்றன. இருப்பிடத்தைச் சொல்லும் செய்தி மட்டுமே நொடிக்குச் சுமார் இரண்டு முறை வெளியாகும். இதற்கு ஏ.டி.எஸ்.-பி. என்று பெயர். அதில் பூட்டோ இரகசியக் குறியீடோ கிடையாது. தகுந்த ஆன்டெனாவும் ஒரு சிறு ரிசீவரும் வைத்திருக்கும் எவரும் அதைக் கேட்கலாம். அப்படி ஊர் ஊராகத் தங்கள் வீட்டுக் கூரையில் ரிசீவர் வைத்திருக்கும் ஆர்வலர்கள், கேட்டதை இணையம் வழியாக அனுப்பிவைக்கிறார்கள். அதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துத்தான் செயலி வரைபடத்தில் மஞ்சள் விமானங்களாகக் காட்டுகிறது. இத்தகைய செயலிகளில் ஒன்றான பிளைட்ரேடார்24 என்பதே 2006-இல் சுவீடனைச் சேர்ந்த இரண்டு ஆர்வலர்கள் பொழுதுபோக்காக ஆரம்பித்ததுதான். 2009-இல் யார் வேண்டுமானாலும் தங்கள் ரிசீவரை இணைக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டபோது, வெறிச்சோடிய வரைபடத்தைப் பார்க்க வந்த கூட்டத்தால் உலகமே அதை அறிந்துகொண்டது.

ஆகவே செயலிக்குக் கண் இல்லை. காது மட்டுமே உண்டு. அந்தக் காது உங்கள் கைப்பேசியில் இல்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். கைப்பேசியால் 1090 மெகாஹெர்ட்ஸில் வரும் இந்தத் தண்டோராவைக் கேட்கவே முடியாது. எங்கோ ஒருவர் வீட்டு மாடியிலுள்ள ஆன்டெனா கேட்டதை இணையம் வழியாக வாங்கிக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. உங்களுடைய நான்கு சந்தேகங்களில் மூன்றாவதும் நான்காவதும் இதிலிருந்தே பிறக்கின்றன. முதலாவதில் செயலியின் மேல் தவறே இல்லை; ஏமாற்றுவது உங்கள் காது.

36,000 அடி உயரத்தில், அதாவது ஏறத்தாழ 11 கி.மீ. உயரத்தில் ஒரு விமானம் உங்கள் தலைக்கு நேர் மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருப்பதைக் கழித்தால், ஓசை கீழே வர வேண்டிய தூரம் 10.7 கி.மீ. தரையருகில் நொடிக்கு 345 மீட்டர் போகும் ஓசை, குளிர்ந்த மேல்வெளியில் 300 மீட்டர்தான் போகும். சராசரியாகப் பார்த்தால் உங்கள் காதை எட்ட 33 விநாடிகள் பிடிக்கும். விமானம் மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் போனால் அதற்குள் எட்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் கடந்திருக்கும். அஸ்தம்பட்டியிலிருந்து எட்டு கிலோமீட்டர் மேற்கே என்றால் சூரமங்கலத்துக்கு அப்பால்தானே? செயலி சொன்னதும் அதைத்தான்.

அஸ்தம்பட்டி மாடி | ஞாயிறு, காலை 8.10

மிக்க நன்றி ஐயா. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணிப் பார்ப்பதைச் சிறுவயதில் பாட்டி சொல்லிக்கொடுத்திருக்கிறார். விமானத்துக்கும் அதே கணக்குத்தான் என்பது இத்தனை நாள் தோன்றவே இல்லை. அப்படியானால் ஓசை உச்சியில் கேட்கும்போது விமானத்தை வானத்தில் எங்கே தேட வேண்டும்?

பழைய வானொலி | ஞாயிறு, காலை 8.45

10.7 கி.மீ. உயரமும் 7.8 கி.மீ. தள்ளியும் என்றால், அடிவானத்திலிருந்து சுமார் 54 டிகிரியில் இருக்கும். உச்சியிலிருந்து 36 டிகிரி சரிந்து நிற்கும். கையை முழுவதும் நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி என்பது வானம் பார்ப்பவர்களின் பழைய அளவுகோல். உச்சியிலிருந்து விமானம் போகும் திசையில் மூன்றரை முட்டி தள்ளித் தேடுங்கள். ஏ.டி.ஆர். போன்ற சிறிய விமானம் 17,000 அடியில் மெதுவாகப் போனால் இடைவெளி இதைவிடக் குறையும்.

இளம்பிள்ளைத் தறி | ஞாயிறு, பகல் 1.15

இரண்டாவது சந்தேகத்தில் எனக்கு அனுபவம் இருக்கிறது. எங்கள் வீடு கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கிறது. கேமராவில் பெயர் மிதக்கும் வசதியைப் போட்டால், பெயர் கிட்டத்தட்ட கால் வட்டம் விலகி நிற்கும். கஞ்சமலையில் காந்தத் தன்மையுள்ள இரும்புத்தாது நிறைந்திருப்பது எல்லோரும் அறிந்ததே. மாக்னடைட் என்று புவியியல் பாடத்திலேயே வரும். எனவே மலைதான் கைப்பேசியின் திசைகாட்டியை இழுக்கிறது என்று ஒரு வருடம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தர் கோவிலுக்கு வரும் உறவினர்களுக்குச் செய்முறை விளக்கமாகவே காட்டியிருக்கிறேன்.

கடைசியில் மலையின் மீது போட்ட பழி பொய்யாகிவிட்டது. என் கைப்பேசிக்கு மடக்கு உறை போட்டிருந்தேன். அதன் மூடி ஒட்டிக்கொள்வதற்கு உள்ளே ஒரு காந்தம் தைத்திருக்கிறார்கள். உறையைக் கழற்றிவிட்டு, கைப்பேசியைக் காற்றில் எட்டு எழுதுவது போல நான்கைந்து முறை சுழற்றியதும் பெயர் விமானத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. தறிக்கூடத்துக்குள் நின்று பார்த்தால் மட்டும் இன்னும் தவறுகிறது. நான்கு பக்கமும் இரும்புத் தறிகள் இருக்கும்போது அது என்ன செய்யும்?

அஸ்தம்பட்டி நண்பர் மாடியில் எங்கே நிற்கிறார் என்பதைப் பார்க்கவேண்டும். தண்ணீர்த் தொட்டியின் இரும்புச் சட்டம், கைப்பிடிக் கம்பி, காங்கிரீட்டுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பி எல்லாமே திசைகாட்டியைக் கொஞ்சம் அசைக்கும். நடுமாடியில் நின்று, கைப்பேசியை மார்புக்கு மேல் உயர்த்திப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி மாடி | ஞாயிறு, மாலை 6.50

நாங்கள் நிற்பது தண்ணீர்த் தொட்டிக்கு அடியில்தான். என் கைப்பேசிக்கும் மடக்கு உறைதான். சிரிக்கவேண்டாம்.

கமலாபுரம் சாலை | ஞாயிறு, இரவு 7.30

மூன்றாவது சந்தேகத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் நிலம் விமான நிலையத்துச் சுற்றுச்சுவரிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. 1993-இல் திறக்கப்பட்ட இந்த நிலையம், வருவதும் நிற்பதுமாகப் பல வருடம் ஓட்டியதை எங்கள் பக்கத்துக்காரர்கள் அறிவார்கள். ஓடுதளம் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்த காலமே அதிகம். 2018 மார்ச்சில், சிறு நகரங்களை விமானச் சேவையால் இணைக்கும் உடான் திட்டத்தில் சென்னைக்கு ஏ.டி.ஆர். விமானம் வந்தது, 2021-இல் நின்றது, 2023 அக்டோபரில் மீண்டும் சேவை தொடங்கியது. ஓடுதளத்தின் நீளம் சுமார் 1,800 மீட்டர் என்பதால் சுழல்விசிறி வைத்த ஏ.டி.ஆர். வகைதான் இங்கே வழக்கமாக இறங்குகிறது.

நானும் அதே மறைவைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கண்ணெதிரே சக்கரத்தை இறக்கிக்கொண்டு வரும் விமானம், கைப்பேசியில் காணாமல் போய்விடும். முதலில் இதை வேண்டுமென்றே மறைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பழைய வானொலி ஐயா சொல்லும் ‘காது’ விளக்கத்தைப் படித்த பிறகு வேறு மாதிரித் தோன்றுகிறது. இறங்கும் விமானத்தின் தண்டோரா தொலைவிலுள்ள ஆன்டெனாவுக்கு எட்டாமல் போகிறது என்பதுதானே பொருள்? மேட்டூர் வரை பறந்த கதைக்கு மட்டும் எனக்கு விளக்கம் தெரியவில்லை.

இன்னொரு சிறு குறிப்பு. நண்பரின் மகளுக்குப் பயன்படும். பயணச்சீட்டில் 6ஈ என்று தொடங்கும் எண்ணும், செயலியில் ஐ.ஜி.ஓ. என்று தொடங்கும் அழைப்புக்குறியும் ஒரே நிறுவனத்துடையவை. பயணிகளுக்கு ஒன்று, வான் போக்குவரத்துக்கு ஒன்று. வி.டி. என்று தொடங்குவது விமானத்தின் பதிவெண். நம் வண்டிக்கு டி.என். போல இந்திய விமானங்களுக்கு அது.

பழைய வானொலி | ஞாயிறு, இரவு 9.05

கமலாபுரத்து நண்பர் சரியாகப் பிடித்துவிட்டார். இந்த அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில்தான் போகும். மலையைத் துளைக்காது, பூமியின் வளைவைத் தாண்டி இறங்காது. மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அந்த உயரத்திலிருந்து அலை எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்பது வரும். விமானத்துக்கு ஒன்று, ஆன்டெனாவுக்கு ஒன்று என இரண்டு கணக்கையும் போட்டுக் கூட்டவேண்டும். 35,000 அடியில் போகும் விமானத்தின் பங்கு மட்டுமே 425 கி.மீ. ஆகவே சேலத்தில் ஒரு ரிசீவர்கூட இல்லாவிட்டாலும், உயரத்தில் போகும் விமானங்களைக் கோவையிலோ பெங்களூரிலோ திருச்சியிலோ உள்ள ஆன்டெனா கேட்டுவிடும். நாமும் நம் தலைக்கு மேலே பார்த்துவிடுவோம்.

இறங்கும் விமானத்தின் நிலை வேறு. 150 கி.மீ. தொலைவில், 15 மீட்டர் உயரத்தில் ஒரு ஆன்டெனா இருந்தால், இடையே ஒரு குன்றுகூட இல்லாத சமவெளியிலேயே, சுமார் 1,050 மீட்டருக்குக் கீழே வந்த விமானம் அதற்குக் கேட்காது. நமக்கோ வடக்கே சேர்வராயன், தென்கிழக்கே சருகுமலை, மேற்கே பாலமலை என்று சுற்றிலும் சுவர். அதனால் அதைவிட உயரத்திலேயே தொடர்பு அறுந்துவிடும். தொடர்பு அறுந்ததும் செயலி உடனே கைவிட்டுவிடுவதில்லை. கடைசியாகக் கேட்ட வேகத்தையும் திசையையும் வைத்துக்கொண்டு, விமானம் இந்நேரம் இங்கே இருக்கும் என்று கொஞ்ச நேரம் ஊகித்து நகர்த்துகிறது. உங்கள் மைத்துனர் வெளியே வந்த பிறகும் மேட்டூர் நோக்கிப் பறந்தது அந்த ஊகம்தான். அந்த நேரத்தில் விமானத்தின் மேல் தொட்டுப் பாருங்கள். இது மதிப்பிடப்பட்ட இடம் என்ற குறிப்போ, கோடு புள்ளிக்கோடாக அல்லது வேறு நிறத்தில் மாறியிருப்பதோ தெரியும். செயலிக்குச் செயலி அடையாளம் மாறும்.

காப்பித்தோட்டம் | திங்கள், காலை 11.20

இந்த இழையை நேற்றிரவுதான் படித்தேன். ஏற்காட்டில் எங்கள் தோட்டத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி நானும் இப்படி விமானங்களைப் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவருகிறேன். காப்பி பறிப்பு முடிந்த பிறகு இங்கே மாலை நேரம் மிக நீளமானது.

முதலில் ஓர் இன்பமான செய்தி. சேலத்தில் இருப்பவர்கள் விமானத்தை அண்ணாந்துதான் பார்க்கவேண்டும். நாங்கள் சில நேரம் குனிந்து பார்க்கிறோம். கமலாபுரம் நிலையம் எங்களுக்கு ஏறக்குறைய நேர் மேற்கே, காக்கை பறக்கும் தூரத்தில் 15 கி.மீ. அளவில், ஆயிரம் மீட்டருக்கும் மேல் தாழ்வாகக் கிடக்கிறது. வானம் தெளிந்த நாளில் இங்குள்ள லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றால், இறங்க வரும் ஏ.டி.ஆரின் முதுகுப்புறம் நம் பார்வைக்குக் கீழே, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பளபளப்புக்கு முன்னால் ஊர்ந்துபோவதைக் காணலாம். அப்படிப் பார்த்த ஒருநாள் கைப்பேசியில் உயரம் 4,000 அடி என்று காட்டியது. சுற்றுலா வந்திருந்த ஒருவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, 4,000 அடி உயரத்தில் இருப்பது எப்படி நமக்குக் கீழே இருக்கும் என்று என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். செயலி காட்டுவது கடல் மட்டத்தைக் கணக்காகக் கொண்ட உயரம் என்பதையும், நாம் நிற்கும் இடமே அதைவிட உயரம் என்பதையும் அவருக்கு விளக்குவதற்குள் விமானம் இறங்கிவிட்டது.

இரண்டாவது ஒரு கேள்வி. என் குறிப்பேட்டில், உயரே போகும் விமானங்களில் மேற்கே போகிறவை 32,000, 34,000, 36,000 என்று இரட்டைப்படை ஆயிரங்களிலும், கிழக்கே போகிறவை 33,000, 35,000, 37,000 என்று ஒற்றைப்படை ஆயிரங்களிலும் இருப்பதாகத் தெரிகிறது. இது தற்செயலா?

பழைய வானொலி | திங்கள், பகல் 12.40

தற்செயல் அல்ல அம்மா. குறிப்பேட்டைப் பார்த்தே விதியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். வடக்கிலிருந்து கிழக்கு வழியாகத் தெற்கு வரையிலான அரைவட்டத்தை நோக்கிப் போகிறவற்றுக்கு ஒற்றைப்படை, மறுபாதி அரைவட்டத்துக்கு இரட்டைப்படை. 29,000 அடியிலிருந்து 41,000 அடி வரை, எதிரெதிரே வரும் இரண்டு விமானங்களுக்கு இடையே 1,000 அடி இடைவெளி இதனால் கிடைக்கிறது. கட்டுப்பாட்டாளர் தேவைப்பட்டால் மாற்றிக் கொடுப்பதுண்டு. ஆனால் பெரும்பாலும் உயரத்தைப் பார்த்தே எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடலாம்.

லேடீஸ் சீட்டில் சண்டைக்கு வந்தவருக்கு இன்னொன்றும் சொல்லியிருக்கலாம். அந்த உயரம் அளவுகோல் வைத்து அளந்த உயரமே அல்ல, காற்றழுத்தத்திலிருந்து கணித்தது. கடல் மட்டத்தில் 1013.25 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் இருப்பதாக வைத்துக்கொண்டு எல்லா விமானங்களும் ஒரே மாதிரி கணக்கிட்டு அறிவிக்கின்றன. நம்மைப் போன்ற வெப்பமான நாட்டில் காற்று விரிந்திருப்பதால், 35,000 என்று காட்டும் விமானம் உண்மையில் அதைவிட ஆயிரம் அடி கூடுதலாகக்கூட இருக்கலாம். எல்லா விமானமும் ஒரே அளவில் தவறுவதால் ஒன்றோடொன்று மோதாமலிருக்க அது போதும்.

மூக்கனேரிக் கரை | திங்கள், மாலை 5.15

ரேடார் விஷயத்தில் என் தவறை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த சந்தேகத்தைச் சொல்கிறேன்: சேலத்துக்கு மேலே ஏன் இத்தனை விமானங்கள்? இங்கே இறங்குவது ஒன்றிரண்டுதானே?

காப்பித்தோட்டம் | திங்கள், மாலை 6.05

நிலப்படத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். சென்னைக்கும் கோவைக்கும் நேர்க்கோடு போட்டால் அது எங்கள் மலையின் மேலேயே போகிறது. ஹைதராபாத்துக்கும் மதுரைக்கும் போட்டால் சேலம் நகரத்தின் மேல் போகிறது. டெல்லி–மதுரைக் கோடும் பக்கத்தில்தான். சென்னை–கொச்சிக் கோடு ராசிபுரம் பக்கமாகவும், பெங்களூர்–திருச்சிக் கோடு எங்களுக்குச் சற்றுக் கிழக்காகவும் விழுகின்றன. விமானங்கள் ஸ்கேல் வைத்த மாதிரி போவதில்லை, வகுத்த வான்வழிகளில்தான் போகின்றன என்பது தெரியும். ஆனாலும் என் குறிப்பேட்டில் அதிகமாக இருப்பவை இந்த ஊர்ப்பெயர்களே. ரயிலுக்கு மட்டுமல்ல, விமானத்துக்கும் சேலம் ஜங்ஷன்தான்.

இளம்பிள்ளைத் தறி | திங்கள், இரவு 8.40

நான்காவது சந்தேகத்தை யாரும் தொடவில்லையே. ஜன்னல் அதிரப் போகிறதே, அது என்ன?

பழைய வானொலி | திங்கள், இரவு 9.30

உறுதியாக இன்னது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எங்கே தேடலாம் என்று சொல்கிறேன். கோவைக்கு அருகே சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. தேஜஸ் போர் விமானங்கள் அங்கே இருக்கின்றன. தஞ்சாவூரில் 2020 ஜனவரியிலிருந்து சுகோய்-30 அணி ஒன்று இருக்கிறது. இரண்டு இடங்களுக்கும் சேலம் அதிக தூரமில்லை. போர் விமானங்கள் தண்டோரா போடவேண்டிய கட்டாயமில்லை. போடாதபோது செயலியில் அவை இருக்கவே இருக்காது. இருப்பிடத்தைச் சொல்லாமல் அடையாள எண்ணை மட்டும் அனுப்பும் விமானங்களை, அந்த அலை குறைந்தது நான்கு ரிசீவர்களுக்கு வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துக் கணிக்கும் முறை ஒன்று உண்டு. அதற்கு ஒரே சமயத்தில் நான்கு காதுகளுக்குக் கேட்கவேண்டும். தாழப் பறப்பதை நம் மலைகளுக்கு நடுவில் நான்கு பேர் கேட்பது கடினம்.

வரைபடத்தில் புள்ளி இருந்தால் விமானம் பெரும்பாலும் இருக்கிறது. புள்ளி இல்லை என்பதற்காக விமானம் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

மட்டுறுத்துநர் | திங்கள், இரவு 9.50

இடையில் ஒரு வேண்டுகோள். இராணுவ விமானங்களின் படங்களையோ, அவை எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போயின என்ற குறிப்புகளையோ இங்கே இடவேண்டாம். பொது விளக்கத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

மூக்கனேரிக் கரை | செவ்வாய், இரவு 8.15

நேற்று இரவு ஏழு மணி வாக்கில், கண் சிமிட்டாத வெள்ளை விளக்கு ஒன்று ஏரிக்கு மேலே தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்கு நான்கைந்து நிமிடத்தில் கடந்தது. செயலியில் இல்லை, ஓசையும் இல்லை. மட்டுறுத்துநர் கோபித்துக்கொள்ள வேண்டாம்; இது இராணுவம் இல்லை என்று நானே கண்டுபிடித்துவிட்டேன். பன்னாட்டு விண்வெளி நிலையம். 400 கி.மீ. உயரத்தில் மணிக்கு 27,000 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் போவது. அந்தி மறைந்த சிறிது நேரத்துக்கும், விடிவதற்கு முந்தைய சிறிது நேரத்துக்கும்தான் அதன் மேல் வெயில் பட்டு நமக்குத் தெரியும். விமானமாக இருந்தால் இடது சிறகில் சிவப்பும் வலது சிறகில் பச்சையும், வெட்டி வெட்டி மின்னும் வெள்ளையும் இருக்கவேண்டும். செயலியைத் திறப்பதற்கு முன் விளக்கு சிமிட்டுகிறதா என்று பார்த்துவிடுவது பாதி வேலையை முடித்துவிடும்.

அஸ்தம்பட்டி மாடி | வெள்ளி, இரவு 9.20

சொன்னதையெல்லாம் செய்து பார்த்தோம். உறையைக் கழற்றி, தொட்டியை விட்டு விலகி நின்று, எட்டு எழுதினோம். பெயர் விமானத்தின் மேல் கச்சிதமாகப் பொருந்தவில்லை என்றாலும், இரண்டு விரல் தூரத்துக்குள் வந்துவிட்டது.

இன்று மாலை வெளிச்சம் போவதற்கு முன் மேற்கே போன விமானம் ஒன்று வெள்ளைப் புகைக்கோடு இழுத்துக்கொண்டு போனது. செயலியில் 36,000 அடி, இரட்டைப்படை, மேற்கு. அது சரியாக உச்சிக்கு வந்தபோது மகள் கடிகாரத்தை அழுத்தினாள். ஓசை உச்சியில் கேட்பதாக அவள் சொன்னபோது 31 விநாடி. எனக்குக் கேட்டபோது 35. இருவரும் அவரவர் காதுதான் சரி என்கிறோம். சராசரி 33 என்பதை ஐயாவின் கணக்கு வென்றதாக எடுத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் விமானம் உச்சியிலிருந்து மகளின் கைக்கு மூன்றரை முட்டி தள்ளியே இருந்தது.

இப்போது அவளுக்கு வேறு ஆசை வந்திருக்கிறது. எங்கோ இருக்கும் ஆன்டெனாவை நம்பாமல் நாமே ஒன்று வைத்தால் என்ன என்கிறாள். எங்கள் மாடியில் வைத்தால் பயன் உண்டா?

பழைய வானொலி | வெள்ளி, இரவு 10.10

மகளுக்கு என் வாழ்த்துகள். கணினியில் சொருகும் சிறிய மென்பொருள் வானொலிக் கருவி ஒன்று, கைவிரல் நீளத்துக்குச் சற்று அதிகமான ஆன்டெனா, ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினி, இவை போதும். இது கேட்பதற்கு மட்டுமேயான கருவி என்றாலும், வானொலிக் கருவிகளுக்கான விதிகளை ஒருமுறை படித்துவிட்டு வாங்குங்கள். அப்படிப் பதிவை அனுப்பிவைப்பவர்களுக்குச் சில செயலிகள் உயர்வகைச் சந்தாவை இலவசமாகவே தருகின்றன. உங்கள் அலுவலக நண்பரிடம் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி மாடியில் வைத்தால் கமலாபுரத்தில் இறங்குவதை நன்றாகக் கேட்கலாம். மேற்கும் தெற்கும் நன்றாக இருக்கும். வடக்கே மட்டும் சேர்வராயன் மலை நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் 1,200 மீட்டர் எழும்பி நிற்கும் அந்தச் சுவர், அடிவானத்தில் ஆறு டிகிரியை அடைத்துக்கொள்ளும். அப்படியானால் அந்தப் பக்கம் நல்ல உயரத்தில் போகும் விமானம்கூட நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கேட்காது. அதே ஆன்டெனாவை மலை மேலே 1,500 மீட்டரில் வைத்தால், 35,000 அடி விமானத்துக்கு ஏட்டுக் கணக்கில் 585 கி.மீ. வருகிறது. நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. பாதி கிடைத்தாலும் தமிழகத்தின் பெரும்பகுதி வந்துவிடும். காப்பித்தோட்டத்து அம்மா என்ன சொல்கிறார்கள்?

காப்பித்தோட்டம் | சனி, காலை 7.00

இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். களத்துமேட்டுக் கூரையில் இடம் இருக்கிறது. மேற்கும் தெற்கும் மறைப்பில்லை, வடக்கே சேர்வராயன் கோவில் முகடு மட்டும் சற்று உயர்ந்து தெரியும். மின்சாரம் போய்ப் போய் வரும், அதைச் சமாளித்துக்கொள்ளலாம். எனக்குள்ள கவலை இரண்டு. ஒன்று குரங்கு, போன வருடம் தொலைக்காட்சிக் கேபிளை மூன்று முறை பிடுங்கிப் போட்டன. இன்னொன்று சித்திரை இடிமழை.

கமலாபுரம் சாலை | சனி, காலை 7.40

அக்கா, கேபிளை வெளியே தொங்கவிடாமல் இரும்புக் குழாய்க்குள் விட்டு, குழாயைக் கூரைச் சட்டத்தோடு பற்றவைத்துவிட்டால் குரங்கால் ஒன்றும் செய்யமுடியாது. ஆன்டெனா மட்டும் குழாயின் நுனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கட்டும். எங்கள் கிணற்று மோட்டார் வேலையில் மிஞ்சிய இருபது அடி ஜி.ஐ. குழாய் சும்மாதான் கிடக்கிறது. வண்டியில் போட்டு அனுப்பிவிடுகிறேன். கொண்டை ஊசி வளைவில் இருபது அடிக் குழாய் திரும்புமா என்பதை மட்டும் ஓட்டுநரிடம் கேட்கவேண்டும்.

பழைய வானொலி | சனி, காலை 8.15

இரண்டாக அறுத்து, மேலே கொண்டுபோய் சாக்கெட் போட்டு இணைத்துக்கொள்ளுங்கள். குழாயிலிருந்து தடித்த செம்புக் கம்பி ஒன்றை நேராக இறக்கி, ஈரமுள்ள மண்ணில் எர்த் குழியோடு சேர்க்கவேண்டும்; கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இடிதாங்கிச் சாதனம் ஒன்றும் வேண்டும். இவை இரண்டும் முடியும்வரை ஆன்டெனாவை ஏற்றவேண்டாம் அம்மா. மாசி முடிவதற்குள் நானே ஒருநாள் ஏறி வந்து பார்க்கிறேன். அஸ்தம்பட்டி நண்பர் மகளை அழைத்துக்கொண்டு வரட்டும், கடிகாரத்தையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். மலை மேலே 33 விநாடி இருக்காது; 1.2 கி.மீ. குறைகிறது அல்லவா? எவ்வளவு என்பதை அவளே போட்டுக்கொண்டு வரட்டும்.